பந்திக்குப் போகாத ஜான்சி டீச்சர்

ஜான்சி டீச்சருக்கு மெல்லப் பேச வராது. 2004 ஜூனில் கீரப்பாளையம் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு மாற்றலாகிப் போன முதல் நாள், பேருந்தை விட்டு இறங்கி வாய்க்கால் ஓரமாக நடக்கும்போதே அவர் குரல் எனக்குக் கேட்டுவிட்டது. ஆறாம் வாய்ப்பாடு. பள்ளிக்கூடம் எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குரலைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

அப்போது அவருக்கு ஐம்பது வயது. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நல்ல கறுப்பு, தாட்டியான உடம்பு, வெறும் நெற்றி, காதில் ஒற்றைக்கல் தோடு, கையில் எப்போதும் ஓர் ஆண்பிள்ளைக் குடை. பிறந்தது கடலூர் முதுநகர். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். நான்கு பெண்களில் மூத்தவரை மட்டும் மிஷன் விடுதியில் சேர்த்து டீச்சர் டிரெயினிங் வரை படிக்க வைத்தார்கள். வேலை கிடைத்ததும் மற்ற மூன்று பேரையும் இவர்தான் கரையேற்றினார். அதெல்லாம் முடிந்த பிறகு, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த தங்கராசுவைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் ரயிலடிப் பக்கம் குடிவந்தார். பிள்ளைகள் இல்லை. 2012இல் ஓய்வு பெற்றதும் இருவரும் முதுநகருக்கே போய்விட்டார்கள். இப்போது அந்தப் பக்கம் பேருந்தில் போனால், வாய்க்கால் மதகு வந்ததும் என் காது தானாகத் தீட்டிக்கொள்கிறது. என்னத்தைச் சொல்ல, காதுக்கு எங்கே தெரிகிறது அவர் ரிட்டயர் ஆனது.

நான் கீழ வீதிக்காரி. வருஷம் இரண்டு முறை நடராஜர் தேர் எங்கள் வாசலில்தான் போகும். என் பெயர் தாட்சாயிணி. வீட்டுக்காரர் சபாநாயகம் மேல வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். எங்களுக்கு ஒரே பெண், சிவப்ரியா. தினமும் காலையில் நானும் ஜான்சி டீச்சரும் ஒரே பேருந்தில் போவோம். பள்ளியிலும் இருவருக்கும் ஒரே ஹால்தான். நடுவில் ஒரு மர பீரோ நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் அவருடைய மூன்றாம் வகுப்பு, இந்தப் பக்கம் என் நான்காம் வகுப்பு. அவர் போடும் சத்தத்தில் என் பிள்ளைகளும் சேர்ந்து மூன்றாம் வகுப்புப் பாடத்தை இரண்டாவது தடவை படித்தார்கள்.

அவர் வாயில் எப்போதும் ஒரு சொல் இருக்கும்: கிருபை. மழை நின்றால் கிருபை, சத்துணவில் முட்டை எல்லோருக்கும் சரியாக வந்தால் கிருபை, பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் கேட்கவே வேண்டாம். நான் சும்மா இருக்கும் ஆள் இல்லை.

"எனக்கு எடம் கெடைக்கலியே டீச்சர், எனக்கு மட்டும் கிருபை இல்லியா?" என்று ஒருநாள் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடியே கேட்டேன்.

"எனக்கு எடம் குடுத்ததே உங்களுக்கும் சேத்துத்தான். வாங்க, நவுந்து உக்காருங்க" என்றார். ஜன்னலோரம் இருந்த அம்மாளையும் சேர்த்துத் தள்ளி, இரண்டு பேர் சீட்டில் மூன்றாவதாக என்னைத் திணித்துக்கொண்டார். அந்த அம்மாள் கீரப்பாளையம் வரைக்கும் எங்களைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

இன்னொரு நாள் நான் கொஞ்சம் வம்பாகவே கேட்டேன். "நல்லவங்களுக்கு நல்லது நடக்குது. அதுக்குப் போயி கிருபை அது இதுன்னு எதுக்கு டீச்சர் பெரிய பேரு?"

"அது கூலி டீச்சர். ஒழைச்சா குடுக்கறது. இது சும்மா குடுக்கறது."

"சும்மா குடுத்தா வாங்குறவங்களுக்கு அருமை தெரியாது."

"தெரியாதுதான். தெரியாதவங்களுக்குத்தான் ஜாஸ்தி குடுக்கறாரு. என்னைப் பாருங்களேன்" என்று சிரித்தார். எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

ஆடி வெள்ளிக்கு எங்கள் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைப்போம். அந்த முதல் வருஷம் பள்ளிக்குத் தூக்கில் கொண்டுபோய், எல்லோருக்கும் கொடுத்ததுபோல் அவருக்கும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. முகம் சிறுத்துப்போய், "படைச்சதா டீச்சர்?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், "எங்களுக்கு ஆகாதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வது? சுருக்கென்றுதான் இருந்தது. வீட்டுக்குப் போகும் வரைக்கும் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை, பானையை இறக்கியதும் சாமிக்கு வைக்கும் முன்னால் ஒரு கரண்டி தனியாக எடுத்துச் சின்னத் தூக்கில் போட்டு மூடினேன். "இது படைக்காதது. இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று நீட்டியபோது, அந்த மனுஷி தூக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு கண்ணை மூடி, அவருடைய வழக்கப்படி ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிவிட்டு, வழித்துச் சாப்பிட்டார். சாமியே வந்து வாசலில் நிற்கட்டும், அவருக்கு முன்னால் எடுத்து வைக்கும் அளவுக்கு ஒரு சிநேகிதி எனக்கு அமைந்தாள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அந்த டிசம்பரில் சுனாமி வந்தது. கிறிஸ்துமசுக்காக அவர் முதுநகரில் தாய் வீட்டில் இருந்தார். கடல் வந்த நேரத்தில் குடும்பத்தோடு கோயிலில் ஆராதனையில் இருந்ததால் எல்லோரும் தப்பித்தார்கள். அவர்கள் சர்ச்சைக் கோயில் என்றும், போதகரை ஐயர் என்றும்தான் சொல்வார்கள். ஜனவரியில் பள்ளி திறந்ததும் எங்கள் தலைமையாசிரியர் சுப்பிரமணியன், "ஒங்க சாமி கிருபை டீச்சர், தப்பிச்சீங்க" என்றார். எப்போதும் முதல் ஆளாக ஆமாம் போடுகிறவர் அன்று வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டு வேளையில் என்னிடம் மட்டும் சொன்னார். "அம்மா வீட்டுக்கு அடுத்த தெருவுல மீன் விக்கிற செல்லாயி பேத்தி போயிடுச்சு டீச்சர். ரெண்டாங்கிளாஸ். நான் தப்பிச்சது கிருபைன்னா, அது போனது என்னன்னு சொல்லணும்ல? எனக்குத் தெரியல. தெரியாம எப்படிச் சொல்றது?" அப்புறம் இரண்டு மூன்று மாதம் அந்தச் சொல்லே அவர் வாயில் வரவில்லை. நானும் கேலியை நிறுத்திவிட்டேன். ஒரு சொல்லைச் சொல்ல இவ்வளவு பயப்படுகிற ஆள் என்று தெரிந்ததும், அவரிடம் எதையும் சொல்லலாம் என்ற எண்ணம் எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

சொல்லும்படி ஒன்று வந்தது. 2007 ஆவணியில் சிவப்ரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாண்டிச்சேரி, நல்ல கம்பெனி, நல்ல குடும்பம், அப்படித்தான் நினைத்தோம். பொங்கலுக்கு வந்த பெண் திரும்பிப் போகவில்லை. அவன் கை நீட்டுகிறவன். முதுகைக் காட்டியபோது என் வீட்டுக்காரர் அடுப்படியில் போய் நின்றுகொண்டு அழுதார்.

அடிபட்டதைவிட, தெருவுக்கு என்ன சொல்வது என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலையாகப் போயிற்று. அது நடராஜர் கோயிலைச் சுற்றிய நான்கு வீதிக்குள் வாழ்ந்தவர்களுக்குத்தான் புரியும். மாப்பிள்ளை துபாய் போயிருக்கிறார், விசா வந்ததும் இவளும் போவாள் என்று சொன்னோம். கேள்வி கேட்பார்களே என்று பெண்ணை வாசல் பக்கம் விடவில்லை. கோயிலுக்குக்கூட அனுப்பவில்லை. ஆனித் தேர் அன்று வாசல் நிறையச் சொந்தக்காரர்கள். இவள் உள் அறையில், ஜன்னல் கதவை ஒரு விரல் அகலம் திறந்து தேர் பார்த்தாள். நான் போய் அந்த ஒரு விரலையும் சாத்தினேன்.

அந்த வாரம் ஒருநாள் மதியம், தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட முடியாமல் எல்லாவற்றையும் ஜான்சி டீச்சரிடம் கொட்டிவிட்டேன். அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள உசுரோட வந்துடுச்சுல்ல டீச்சர்" என்றார். பிறகு, "நான் ஜெபம் பண்றேன்" என்றார். "பண்ணுங்க. வேற யாருக்கும் தெரியக் கூடாது" என்றேன். "தெரியாது" என்றார்.

ஜெபம் என்றால் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு தனியாக வேண்டிக்கொள்வது என்று நான் நினைத்தேன். எங்கள் வழக்கம் அப்படி. அவர்கள் வழக்கம் வேறு. வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் சபைப் பெண்கள் நாலைந்து பேர் பட்டினி இருந்து கூடி உட்கார்ந்து, ஒவ்வொருத்தி பாரத்தையும் வாய்விட்டுச் சொல்லி, எல்லோருமாகச் சேர்ந்து அழுது வேண்டுவார்கள். அங்கே சொல்வதை வெளியே சொன்னதாகவே அவர்கள் நினைப்பதில்லை. ஆண்டவரிடம்தானே சொல்கிறோம் என்பது அவர்கள் கணக்கு. ஜான்சி டீச்சர் சிவப்ரியாவுக்காக அங்கே அழுதார். விஷயம் அதோடு நிற்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, கூட ஒரு ஆள் ஜெபித்தால் இன்னும் நல்லதுதானே என்று, கூட்டம் நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த ஊழியரிடம் (பிரசங்கம் பண்ணுகிறவரை அப்படித்தான் சொல்வார்கள்) போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும். ஞாயிறு சாயங்காலக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "கீழ வீதியிலே இருக்கிற ஒரு டீச்சரம்மாவினுடைய மகள் சிவப்ரியாவுக்காக ஜெபிப்போம். புருஷன் அடித்துத் துரத்திய அந்த மகளை ஆண்டவர் சேர்த்து வைப்பாராக" என்று உருக்கமாக வேண்டினார். அவர்கள் கோயில் கூரையில் நான்கு பக்கமும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது.

என் நாத்தனார் தர்மாம்பாள் வீடு அந்தக் கோயிலுக்குப் பின் தெரு. மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்து வந்தாள்.

"அண்ணி, துபாய் துபாய்னீங்களே, ஊரே கேட்டுது அண்ணி! எனக்குக்கூடச் சொல்லாம அந்த டீச்சர்கிட்ட சொல்லியிருக்கீங்க!" அவளுக்கு எது பெரிய வருத்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் ஜான்சி டீச்சர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். முகம் வீங்கியிருந்தது.

"டீச்சர், நான் ஜெபத்துக்குத்தான் சொன்னேன். நாலஞ்சு பேருதான் இருந்தோம். இப்படி ஆவும்னு..."

"ஒங்க ஆண்டவர்கிட்ட சொல்றதுக்கு நாலஞ்சு பேரு எதுக்கு? அவருக்குக் காது கேக்காதா?" என்றேன். கண்டக்டர், பயணிகள், பூ விற்கிறவள் எல்லோரும் பார்த்தார்கள். எனக்குக் கவலையில்லை. என் மானம் முந்தின சாயங்காலமே ஏலம் போய்விட்டது. "இனிமே எங்க பேரு ஒங்க வாயில வரக் கூடாது. என் பேரும் சரி, என் பொண்ணு பேரும் சரி. ஜெபத்துலயும் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பின் வாசல் வழியாக ஏறினேன். அவர் முன் வாசலில் ஏறினார்.

வீட்டில் ஒரு வாரம் சாவு வீடு மாதிரி இருந்தது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள்போல் ஒவ்வொருவராக வந்தார்கள். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, காலையில் சிவப்ரியா குளித்துத் தலை பின்னிக்கொண்டு, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டினாள்.

"எங்கடி போறே?"

"பூ வாங்க. அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சேம்மா. இன்னும் எதுக்கு உள்ள இருக்கணும்?"

ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் தெருவில் நடந்தாள். நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த வருஷமே பி.எட். சேர்ந்தாள். பிறகு பண்ருட்டிக்கு இந்தப் பக்கம், திருவதிகையில் ஒரு பள்ளியில் வேலையும் கிடைத்தது. விவாகரத்துக்கு எழுதிப் போட்டோம். ஆக, குழாய் ஸ்பீக்கர் கெடுதல் ஒன்றும் செய்யவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரரே கேட்டார். நல்லது நடந்தது வேறு, ஜான்சி டீச்சர் செய்தது வேறு. கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது எங்கள் வீட்டு விஷயம். அதை இன்னொருத்தர் உடைத்துத் திறந்தால், காற்று வருகிறது என்று நன்றி சொல்ல முடியுமா? இதை இப்போதும் நான் விட்டுக்கொடுக்கப்போவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு மேல் நாங்கள் பேசவில்லை. ஒரே பேருந்து, ஒரே ஹால், நடுவில் அதே பீரோ. சாக்பீஸ் வேண்டுமென்றால்கூடப் பிள்ளைகளை விட்டுத்தான் கேட்பேன். அவர் குரல் இறங்கிப்போயிற்று. பீரோவுக்கு அந்தப் பக்கம் வகுப்பு நடக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். "ஜான்சி டீச்சருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று சுப்பிரமணியன் சார் என்னிடம் கேட்டார். என்னை ஏன் கேட்கிறீர்கள் என்றேன். அந்த ஆடி வெள்ளிகளில் பொங்கல் பானையை இறக்கியதும் என் கை பழக்க தோஷத்தில் ஒரு கரண்டி தனியாக எடுத்துவிடும். எடுத்ததை மறுபடி பானையிலேயே கொட்டிக் கிளறுவேன். அப்போதெல்லாம் எனக்கு யார் மேல் கோபம் என்றே விளங்காது. அடுப்பைத் திட்டுவேன்.

2010 நவம்பரில், மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தங்கராசு எங்கள் வீட்டு வாசலில் டிவிஎஸ் வண்டியை நிறுத்தினார். அதற்கு முன் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. கூடத்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். கம்பம் ஏறுகிற மனிதர், தரையில் அவ்வளவு தடுமாறினார். சிவப்ரியா காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

"ஒண்ணுமில்லீங்க. வீட்டுல அது திருவிருந்துக்குப் போறதில்லீங்க" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். மாதத்தின் முதல் ஞாயிறு அவர்கள் கோயிலில் அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்கள். பந்தி என்று அதைச் சொல்வார்களாம். அவர்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம் கிடையாது. ஒருத்தரோடு மனஸ்தாபம் வைத்துக்கொண்டு அந்தப் பந்திக்குப் போகக் கூடாது என்பது கட்டளை. இரண்டு வருஷமாக எல்லோரும் எழுந்து போகும்போது ஜான்சி டீச்சர் மட்டும் பாயில் உட்கார்ந்தே இருக்கிறாராம். கோயில் முழுக்கப் பார்க்கிறதாம்.

"எங்க ஐயரு சொல்லிப் பாத்தாரு. ஆண்டவர் எப்பவோ மன்னிச்சுட்டாரும்மா, வான்னாரு. அதுக்கு இது, அவரு மன்னிப்பாருன்னு எனக்குத் தெரியும் ஐயரே, டீச்சர் வீட்டுப் புள்ளைக்குப் பண்ணத அவருகிட்ட மட்டும் மன்னிப்புக் கேட்டு நான் எப்படி முடிச்சுக்கறதுன்னுது. ஒங்க பேரச் சொல்லக் கூடாதுன்னுட்டீங்களாம். ராத்திரி ஜெபம் பண்ணும்போது எல்லார் பேரும் சொல்லிக்கினே வரும். ஒங்க முறை வந்தா சும்மா உக்காந்திருக்கும். அப்புறம் அடுத்த பேருக்குப் போவும். நான் வந்தது அதுக்குத் தெரியாதுங்க."

காபியைக் குடிக்காமலே போய்விட்டார். அவர் போன பிறகு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. "அவுங்க சாமி வூட்டுச் சாப்பாட்டுக்கு நான் என்ன காவக்காரியா? அவுங்க பட்டினி கெடந்தா பழி என் மேலயா?" என்று பாத்திரங்களை உருட்டினேன். என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். சிவப்ரியாதான் பேசினாள்.

"நடந்தது எனக்கும்மா. நான் எப்பவோ விட்டுட்டேன். நீ ஏன் இன்னும் புடிச்சு வெச்சிருக்கே?"

"விட்டுட்டேன்னு சொல்றது ஈஸிடி. உள்ள இருக்குல்ல."

"உள்ள இருந்தா இருந்துட்டுப் போவுது. அதுக்காக அவுங்கள எதுக்கு உக்கார வெச்சிருக்கே?"

டிசம்பர் முதல் ஞாயிறு காலை, குளித்து, குங்குமம் இட்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். நான் நானாகத்தான் போவேன். அவர்களுக்காக நெற்றியை அழித்துக்கொண்டெல்லாம் போக மாட்டேன். கோயில் வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது. செருப்பை வெளியே விடுவது அங்கேயும் உண்டு என்று பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பாட்டு முடிந்து பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. கடைசிப் பாயில், தூணோரம், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஜான்சி டீச்சர் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

என்னைப் பார்த்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயர் பேசியது ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. பிரசங்கம் முடிந்தது. வெள்ளைத் துணியை விலக்கி, தட்டையும் கிண்ணத்தையும் எடுத்தார். வரிசை வரிசையாகப் பெண்கள் எழுந்து போய் மண்டி போட்டார்கள். எங்கள் பாயும் காலியாயிற்று. நாங்கள் இரண்டு பேர் மட்டும் பாக்கி. திரும்பி வருகிறவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள்.

"எழுந்து போங்க" என்றேன்.

"டீச்சர்..." அவருக்கு மெல்லப் பேச வராது என்றேனே, அன்றைக்கு வந்தது. "கோவம் போயிடுச்சா டீச்சர்?"

பொய் சொல்லக் கூடாத இடம் என்று தோன்றியது. "இல்ல" என்றேன்.

"அப்ப நான் எப்படிப் போறது?"

"கோவம் என்னோடது. அது பாட்டுக்கு இருக்கும், போவும். அத நான் பாத்துக்கறேன். ஒங்களுக்கும் ஒங்க சாமிக்கும் நடுவுல நான் யாரு?"

"அப்ப எதுக்கு டீச்சர் வந்தீங்க?"

எதற்கு வந்தேன் என்று அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே தெரியாது. "எல்லாரும் சாப்புடறப்ப நீங்க மட்டும் உக்காந்திருக்கறது எனக்குப் பொறுக்கல" என்றேன். சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. "போங்க, ஐயரு மூடி வெச்சிடப் போறாரு" என்று தோளைப் பிடித்துத் தள்ளினேன்.

தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழங்கால் வலி வேறு அவருக்கு. கடைசி வரிசையும் எழுந்து வந்துவிட்டிருந்தது. நடுவழியில் தனியாக, அந்தத் தாட்டியான உடம்பைச் சுமந்துகொண்டு மெதுவாக நடந்தார். ஆண்கள் பக்கம் தங்கராசு தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைப்பது தெரிந்தது. துணியை மூடப் போன ஐயர் கையை எடுத்துவிட்டு, அவர் மண்டி போடும் வரைக்கும் காத்திருந்தார். அவருடைய குடையும் பையும் என் மடியில் இருந்தன. வேறு சாமி, வேறு கோயில், எனக்கு அங்கே ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவர் வாய் திறந்து வாங்கியபோது, இரண்டு வருஷமாக நானும் சாப்பிடாமல் இருந்ததுபோல் என் வயிற்றுக்குள் ஏதோ இளகியது.

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் குனிந்திருந்தார். கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"இன்னைக்கு ராத்திரி ஒங்க பேரச் சொல்லலாமா டீச்சர்?"

"சொல்லுங்க" என்றேன். "என் பொண்ணு பேரையும் சொல்லுங்க. மைக்குல மட்டும் வேணாம்."

அவர் சிரித்துவிட்டார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படியான சத்தம் அது.